‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்போருக்கு

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. சிங்கப்பெருமாள் கோயிலில், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் சற்றே அடங்கிய ஒரு தெருவில், எளிய வீடொன்றில் அன்பியக் கூட்டத்திற்காகக் கூடியிருந்தோம். செபமாலை முடிந்தது, இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்தது. தேநீர் வரும் நேரத்தில், எவரும் கேளாமலேயே, அவ்வீட்டுத் தாய் தம் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மகனுக்கு வயது இருபத்தாறு. ஒரகடம் பக்கம் ஓர் ஆலையில் நான்கு ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளி. வாரம் மாறி வாரம் இரவு ஷிப்டு. ஆறு மாதங்களாக உறக்கமில்லை, உணவு செல்லவில்லை, குளிக்கக்கூட எழுவதில்லை. வேலைக்கு ஒழுங்காய் வரவில்லையென்று ஒப்பந்தக்காரர் பெயரை அடித்துவிட்டார். ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்று இருமுறை சொல்லிவிட்டானாம். அடுத்த அறையின் கதவு சாத்தியிருந்தது. அவன் அதற்குள்தான் படுத்திருந்தான்.

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவர் சொன்னார்: “தம்பிய மனசத் திடப்படுத்திக்கச் சொல்லுங்கம்மா.” இன்னொருவர்: “ஒரு தியானத்துக்கு அனுப்பிப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்.” மூன்றாமவர் திருமணம் செய்துவைக்கச் சொன்னார். வயதில் மூத்த ஒருவர், “எங்க காலத்துல நாங்க படாத கஷ்டமா? அப்பல்லாம் இந்த வியாதி ஏது?” என்றார். தலையசைத்தவர்களுள் நாமும் உண்டு. அந்த வீட்டிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு தொலைவு? மின்தொடர்வண்டியில் ஏறினால் பரனூர் கடந்து அடுத்த நிலையம் செங்கல்பட்டு. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ‘திங்கட்கிழமை காலையில் நான் உடன் வருகிறேன் அம்மா’ என்று பன்னிருவரில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இக்கட்டுரை அந்தப் பன்னிருவருக்கு எதிராக எழுதப்படுகிறது. ஆகவே நமக்கு எதிராகவும்.

‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்ற சொற்றொடரைச் சற்று நிறுத்திவைத்துப் பார்ப்போம். கால் முறிந்து கிடப்பவனிடம் ‘எழுந்து நட, கால் தானே கூடிவிடும்’ என்பார் உண்டோ? நீரிழிவு கண்டவரிடம் ‘கணையத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்பார் உண்டோ? மனச்சோர்வு நோயில் முதலில் பழுதுபடுவது எதுவெனில், திடப்படுத்திக்கொள்ளும் அந்த ஆற்றலேதான். உறக்கம் கெடுகிறது, பசி மறைகிறது, நேற்றுவரை இனித்தவை இன்று சுவையற்றுப் போகின்றன, சிறிய முடிவொன்றை எடுக்கவும் மனம் தடுமாறுகிறது, காரணமற்ற குற்றவுணர்வு கவ்விக்கொள்கிறது. நம் மக்கள் இதனை ‘மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. ‘உடம்பெல்லாம் வலி’, ‘நெஞ்சை அடைக்கிறது’, ‘தலை பாரம்’, ‘ஒன்றும் பிடிக்கவில்லை’ என்றே சொல்கின்றனர். ஆகவே மாத்திரைக் கடையில் வலி மாத்திரை வாங்குகின்றனர். கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். இந்நிலையில் இருப்பவனிடம் ‘திடப்படுத்திக்கொள்’ என்றால், அவன் தன்னுள் தேடிப்பார்க்கிறான், திடத்தைக் காணவில்லை, ‘அதுவும் என் குற்றமே’ என்று முடிவுகட்டுகிறான். ஆறுதலாகச் சொன்ன சொல் அவன் சுமையின்மேல் இன்னொரு கல்லாக ஏறுகிறது.

‘அக்காலத்தில் ஏது இந்த வியாதி’ என்பாருக்கும் ஒரு சொல். சென்னையில் மனநோயாளருக்கான காப்பகம் 1794-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அது 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறி, இன்றும் அரசு மனநல மருத்துவமனையாக இயங்குகிறது. அக்காலத்திலும் நோய் இருந்தது. அதனை நாம் கொல்லைப்புறத்து அறையில் பூட்டி வைத்திருந்தோம், அவ்வளவே. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று, நோய் தீர்க்கும் இடம் ஒன்றின் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய பெருமை நம் தமிழ்ச் சமுதாயத்திற்கே உரியது! அதே கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராய் இருந்த மருத்துவர் சாரதா மேனனின் பெயரைக் கேட்டால் நம்முள் எத்தனை பேர் அறிவோம்? மனச்சிதைவு நோயாளருக்காக 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கியவர் அவர். வசை நினைவிருக்கிறது, பணி நினைவில்லை.

பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழகம் உள்ளிட்ட பன்னிரண்டு மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனுமொரு மனநலக் கோளாறுடன் வாழ்கின்றனர் என்று அது கண்டது. ஞாயிறு திருப்பலிக்கு முந்நூறு பேர் வந்தால், அவர்களுள் முப்பது பேர் என்று கொள்ளலாம். அவர்கள் எவ்விருக்கையில் அமர்ந்திருக்கின்றனர் என்று நமக்குத் தெரியாது, ஏனெனில் அவர்கள் சொல்வதில்லை. நோயின் வகைக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவே. மருத்துவர் போதாமை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவமனை இரண்டாவது நிலையத்தில் இருக்கும் ஊரில் வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

விவிலியத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் இதில் இடறுவது வியப்பே. யோபுவின் நண்பர் மூவரை நினைத்துப் பாருங்கள். எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் முதல் ஏழு நாள் என்ன செய்தனர்? அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே. எட்டாம் நாள் வாய் திறந்தனர்: நீ பாவம் செய்திருப்பாய், உன் பிள்ளைகள் செய்திருப்பார்கள், நீ இறைவனை நாடியிருந்தால் இது வந்திருக்குமா என்று பக்கம் பக்கமாக மறையுரை ஆற்றினர். நூலின் முடிவில் ஆண்டவரின் சினத்துக்கு ஆளானோர் புலம்பிய யோபு அல்லர்; கடவுளுக்காக வழக்காடுவதாய் எண்ணிக்கொண்ட அந்த நண்பர்களே. நம் அன்பியங்களில் நாம் வகிக்கும் இடம் எது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும்.

எலியாவின் கதை இதைவிடத் தெளிவு. இறைவாக்கினருள் தலைசிறந்தவர், பாகாலின் பொய்வாக்கினரைத் தனியொருவராய் எதிர்த்து நின்றவர். அடுத்த அதிகாரத்திலேயே பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் விழுந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். வானதூதர் வருகிறார். ‘இத்தனை அருஞ்செயல்களைக் கண்டும் உனக்கு விசுவாசம் இல்லையா’ என்று கடிந்தாரா? இல்லை. அவரைத் தொட்டு எழுப்புகிறார். சுட்ட அப்பமும் ஒரு குவளை நீரும் தலைமாட்டில் இருக்கின்றன. உண்டுவிட்டு மறுபடியும் படுக்கிறார். தூங்க விடுகிறார் தூதர்! இரண்டாம் முறை எழுப்பி மீண்டும் உணவு தருகிறார். அதன் பின்னரே பயணம். மலையில் இறைவனின் குரல் அதற்கும் பின்னரே. உறக்கமும் உணவும் தொடுகையும் முன்னே, போதனை பின்னே என்னும் இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் நாம்.

இனி, ஆலைப் பக்கம் திரும்புவோம்; ஏனெனில் அந்த இளைஞனின் நோய்க்கு வித்திட்டது வீடு மட்டுமன்று.

நரசிம்மப் பெருமாளின் குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற இவ்வூர் இன்று தொழிற்சாலைகளின் நடுவே இருக்கிறது. வடக்கே மறைமலை நகர். தெற்கே பரனூரில் மகேந்திரா சிட்டி. மேற்கே சாலை ஒரகடத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் செல்கிறது. விடியுமுன் சாலையோரம் நின்று பார்த்தால், ஆலைப் பேருந்துகளில் சன்னலில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டே போகும் இளம் முகங்களைக் காணலாம். அவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். நாளை வேலை உண்டா என்பது இன்று தெரியாது. ஒரு வாரம் பகலில் உறங்கி, மறுவாரம் இரவில் உறங்கச் சொன்னால் உடல் எப்படி ஒப்பும்? உறக்கம் சிதைவது மனநோய்க்கு அறிகுறியும் ஆகும், காரணமும் ஆகும்.

ஆலைகளிலும் இப்போது மனநலம் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கின்றனர், அதை வரவேற்கிறோம். ஆனால் பேசுவது எதை? ஆண்டுக்கொரு நாள் ஒரு சொற்பொழிவாளர் வருகிறார். மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார். ‘நேர்மறையாய்ச் சிந்தியுங்கள்’ என்கிறார். படம் எடுத்துக்கொண்டு போகிறார். மறுநாள் அதே இலக்கு, அதே வசை, கழிப்பறைக்குப் போகவும் அதே அனுமதிச் சீட்டு. இதுவும் ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்பதன் மறுவடிவமே அன்றோ? அன்பியத்தில் அதைச் செபத்தில் சுற்றித் தருகிறோம். ஆலையில் யோகப் பயிற்சியில் சுற்றித் தருகின்றனர். குற்றம் பாதிக்கப்பட்டவனுடையது என்பதில் இரு தரப்பினரும் உடன்பட்டிருக்கின்றனர்.

உலக நல நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல் தனிமனிதனுக்குப் பயிற்சி தருவதோடு நிற்கவில்லை. வேலைப்பளு, வேலைநேரம், மேலாளர் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றையே மாற்றச் சொல்கிறது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் ஆண்டுதோறும் இழக்கும் வேலைநாள்கள் 1,200 கோடி என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. இரக்கத்தால் கேட்காதவர்கள் இலாபக் கணக்காலாவது கேட்கட்டும். நம் மாநிலத்தில் நடந்த இரு செய்திகளை இங்கே அருகருகே வைக்கிறோம். 2021-இல் தமிழகச் சட்டமன்றம், கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் ஊழியர் அமர இருக்கை தரவேண்டும் என்று சட்டம் செய்தது. துணிக்கடைகளில் கால் வீங்க நின்ற பெண்பிள்ளைகளை நினைத்தால், அது எத்துணைப் பெரிய சட்டம்! 2023 ஏப்ரல் 21 அன்று அதே சட்டமன்றம், ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்தது; மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது; மே நாளன்று முதல்வர் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார். அந்த மூன்று நாள்களில் தொழிற்சங்கங்களின் குரல் ஓங்கிக் கேட்டது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ‘ரேரும் நொவாரும்’ தொழிலாளியின் ஓய்வை உரிமையாகப் பேசியதையும், 1981-இல் இரண்டாம் யோவான் பவுல், உழைப்பு மனிதனுக்காகவே அன்றி மனிதன் உழைப்புக்காக அல்லன் என்று எழுதியதையும் மேற்கோள் காட்டி மகிழும் நாம் அப்போது எங்கிருந்தோம்?

வேலை கொல்வதுபோலவே வேலையின்மையும் கொல்லும். நம் அண்டை ஊராகிய மறைமலை நகரின் ஃபோர்டு கார் ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தனர். 2022-இன் நடுவில் கடைசிக் கார் வெளிவந்தது. இழப்பீட்டுத் தொகைக்காகத் தொழிலாளர் மாதக்கணக்கில் போராடினர். அது நியாயமான போராட்டம். (அதே ஆலையை மீண்டும் இயக்கும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது வேறு கதை.) ஆனால், இருபது ஆண்டுகளாய் விடியற்காலையில் எழுந்து சீருடை அணிந்து பழகிய மனிதன், எழவேண்டிய தேவையற்ற காலையில் என்ன ஆகிறான் என்று கேட்டவர் யார்?

ஐரோப்பாவில் இக்கேள்வியைக் கேட்டனர். ஆஸ்திரியாவில் வியன்னாவை அடுத்த மரியந்தால் என்னும் சிற்றூர், ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1930-ஐ ஒட்டி ஆலை மூடப்பட்டது. மரீ யாகோடா முதலிய ஆய்வாளர்கள் அவ்வூரில் தங்கி, 1933-இல் தம் நூலை வெளியிட்டனர். வேலையற்றோருக்கு நேரம் நிறைய உண்டு, ஆகவே அதிகம் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்கள் குறைந்துபோயின. ஆய்வாளர்கள் தெருவில் ஆடவர் நடக்கும் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தனர். கால்கள் தளர்ந்திருந்தன, வழியில் காரணமின்றி நின்று நின்று போயினர். நேரம் இருந்தது, அதை நிரப்பும் மனம் இல்லை. அந்த மக்களிடம் சோம்பல் எனக் குற்றம் காண்பது எளிது. நம் தெருத் திண்ணையில் காலையிலேயே அமர்ந்திருக்கும் நாற்பத்தைந்து வயது மனிதரைக் கடந்து போகும்போது நாம் காண்பதும் சோம்பலைத்தான்.

‘இது பணக்காரர் வியாதி’ என்பாருக்குத் தேசியக் குற்றப் பதிவேட்டு அலுவலகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கே விடை. அவ்வாண்டு இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். தமிழகத்தில் மட்டும் 19,834 பேர். நாடு முழுதும் இறந்தோருள் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். அன்றாடம் உழைத்து உண்பவனுக்குக் கவலைப்பட நேரம் ஏது என்று வேடிக்கையாகச் சொல்வோமே, அந்த வேடிக்கையை இனி விட்டுவிடுவோம்.

இவ்விடத்தில் நம் திருச்சபையைப் பற்றியே பேசவேண்டியிருக்கிறது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சட்டத் தொகுப்பின் 1240-ஆம் சட்டம், அறிந்து தன்னுயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே புதைக்கப்பட்டவர்களின் கதை பழைய பங்குகளில் முதியோருக்குத் தெரியும். 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அத்தடை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், தற்கொலையைத் தவறென்று கூறும் அதே இடத்தில், கடுமையான உளப் பாதிப்பும் தாங்கொணா அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்தம் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கவேண்டா, அவர்களுக்காகச் செபிக்கவேண்டும் என்கிறது. 1996 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல், மனநோயாளியிடத்திலும் இறைச்சாயல் சிறிதும் குன்றுவதில்லை என்று மருத்துவப் பணியாளர் மாநாட்டில் உரைத்தார். 2006-ஆம் ஆண்டின் உலக நோயாளர் நாள் முழுவதும் மனநோயாளருக்கென்றே ஒதுக்கப்பட்டது. உரோமை மாறிவிட்டது. நம் தெரு மாறியதா? இன்றும் அப்படியொரு சாவு நிகழ்ந்த வீட்டில், அடக்கத் திருப்பலி உண்டா இல்லையா என்பதை முதலில் கிசுகிசுப்போர் குருக்கள் அல்லர், பொதுநிலையினராகிய நாமே.

பேய் என்றும் ஏவல் என்றும் சொல்லித் திருத்தலங்களுக்கு இழுத்துச் செல்லும் வழக்கமும் நம்மிடை உண்டு. இதைப் பேசும்போது பலர் உடனே ஏர்வாடியைச் சுட்டிக்காட்டுவர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அந்தத் தீயைப் பிற மதத்தார் செய்தியாய்ப் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. ஏர்வாடிக்குப் போனோருள் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். மேலும், பின்னாளில் அதே ஏர்வாடித் தர்காவில், துஆவும் தொடரட்டும், மருந்தும் சேரட்டும் என்று அரசு மருத்துவரை அமரவைக்கும் ஏற்பாடு வந்தது. வழிபட வந்தவர் வழிபடுகிறார். அங்கேயே மருத்துவரையும் பார்த்து மாத்திரை வாங்கிச் செல்கிறார். அவர்கள் நெருப்பிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டனர். நோயாளியை அழைத்துவரும் நம் திருத்தலங்களில், குணமளிக்கும் கூட்டங்களில், மருத்துவருக்கு ஒரு மேசை போட்டவர் யார்? மாறாக, ‘விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு’ என்று மேடையில் கேட்கப்பட்டதைக் கேட்டு, மருந்தை நிறுத்தி, மறுபடியும் நோய் முற்றியவர்களை நாம் அறிவோம். மனச்சோர்வு மருந்து வேலைசெய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். நலமடைந்த பின்னும் மாதக்கணக்கில் தொடரவேண்டும். அதற்குள் நிறுத்தச் சொல்பவர் செபிக்கிறவராயினும் தீங்கு செய்கிறவரே.

சங்கிலியை நற்செய்தியும் அறியும். கெரசேனர் நாட்டில் கல்லறைகளிடையே அலைந்தவனை ஊரார் சங்கிலியாலும் விலங்காலும் கட்டிப் பார்த்தனர் என்று மாற்கு எழுதுகிறார். முடிவில் அவன் ஆடை அணிந்து, அறிவுத் தெளிவோடு அமர்ந்திருக்கிறான். தம்மோடு வர விரும்பிய அவனை இயேசு உடன் அழைத்துச் செல்லவில்லை. அவன் வீட்டுக்கே, உறவினரிடமே அனுப்பினார். அந்தக் கட்டளை அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனை வாசலில் எதிர்கொள்ளவேண்டிய வீட்டாருக்கும் உரியது. நம் சட்டமும் அவ்வழி வந்துவிட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. உடல்நோய்க்கு ஒப்பவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதவேண்டும் என்கிறது.

வீட்டுக்கு அனுப்புவது இயலுமா என்று ஐயுறுவோர், பெல்ஜியத்தின் கேல் நகரைக் கேட்கட்டும். அங்கே மனநோயாளரின் பாதுகாவலியாகிய புனித டிம்ப்னாவின் ஆலயம் உள்ளது. இடைக்காலத்தில் நோயாளரை அங்குக் கூட்டிவந்தனர். ஆலய விடுதி நிரம்பி வழியவே, ஊரார் தம் வீடுகளில் இடம் கொடுத்தனர். அவ்வழக்கம் நூற்றாண்டுகளாய்த் தொடர்ந்து, 1930-களின் இறுதியில் 3,700 பேருக்கு மேல் அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தனர். வயலில் உழைத்தனர், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தனர். அவர்களை அவ்வூரார் நோயாளி என்று அழைப்பதில்லை. வீட்டில் தங்குபவர் என்றே அழைப்பர். அத்தனை தூரம் போவானேன்? நம் கடற்கரைக்கு வாருங்கள். கோவளத்தில் 1808-இல் எழுந்த கார்மேல் அன்னை ஆலயத்திற்குத் திருவிழாவுக்குப் போகிறோம். அப்பகுதியிலும் திருவிடந்தையிலும் ‘பேன்யன்’ அமைப்பு பல்லாண்டுகளாக மனநலப் பணி ஆற்றிவருகிறது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இளம்பெண்கள் இருவர், தெருவில் அலைந்த மனநலம் குன்றிய பெண்களுக்காக 1993-இல் சென்னையில் தொடங்கியது அது. 2015 முதல், பல்லாண்டு காப்பகத்தில் இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்து, நாலைந்து பேராகக் குடிவைக்கின்றனர். அவர்கள் கறி வாங்குகின்றனர், கோலம் போடுகின்றனர், சண்டையும் போட்டுக்கொள்கின்றனர். அத்தகையோருக்கு வீடு கேட்டு வந்தால், நம் கத்தோலிக்கக் குடும்பங்களுள் எத்தனை சாவியைக் கொடுக்கும்?

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோய் நிலையம் இருப்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். 1924-இல் தொடங்கியதை 1955-இல் மத்திய அரசு ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஒரு காலத்தில் அப்பெயரைக் கேட்டாலே பேருந்தில் தள்ளி அமர்ந்தனர். கூட்டு மருந்து வந்தது. நோய் வீட்டிலிருந்தே தீர்ந்தது. 2019-இல் தொழுநோய் மணமுறிவுக்குக் காரணமாகாது என்று சட்டமும் திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கான மணமுறிவுச் சட்டத்தில் தீராத மனநோய் இன்னும் ஒரு காரணமாக நிற்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறோம். தொழுநோயாளரின் புண்ணைக் கழுவிய அருட்சகோதரிகளைப் பற்றிப் பெருமை பேசும் நாம், மாத்திரை தின்று நலமான ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், ‘பெண்ணுக்கு ஏதோ இருந்ததாமே’ என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஓடிப்போய்ச் சொல்கிறோம்.

அந்த வீட்டுக்கு மீள்வோம். கூட்டம் முடிந்த பத்தாம் நாள், வெட்கத்தோடு, நாம் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். பையனோடு மூவருமாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். வரிசை நீளம், பகல் ஒரு மணியாயிற்று. மருத்துவர் அவனிடம் முதலில் கேட்டது, “எத்தனை நாளாத் தூங்கல தம்பி?” என்பதே. அவன் அழுதான். மூன்றாம் வாரத்தில் உறங்கத் தொடங்கினான். மூன்றாம் மாதத்தில் தானே எழுந்து குளித்தான். நடுவில் ஒருமுறை மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடியும் படுத்தான். இரவு ஷிப்டுக்கு அவன் திரும்பவில்லை. ஊரிலேயே ஒரு கடையில் பகல் வேலை, சம்பளம் குறைவு. தலைமாட்டில் 14416 என்ற எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறோம். அது அரசின் ‘டெலி-மானஸ்’ உதவி எண். எந்நேரமும் தமிழில் பேசலாம். அவன் இருமுறை பேசியதாகச் சொன்னான். என்ன பேசினான் என்று நாம் கேட்கவில்லை.

மாதந்தோறும் மருந்து வாங்கச் செங்கல்பட்டுக்குப் போகவேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, தனியே போக அவனுக்கு இன்னும் தயக்கம். சென்ற அன்பியக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பெயர் கேட்டோம். பன்னிருவரில் இருவர் கொடுத்தனர். ஒருவர், ‘எங்க காலத்துல ஏது’ என்று சொன்ன அதே முதியவர். வரிசையில் நிற்க நாற்காலி கொண்டுபோகலாமா என்று கேட்டார். மற்ற மாதங்களுக்கு இன்னும் பெயர்கள் வேண்டும்.